விடுபட்ட ஓடை

செப்டம்பர் 7, வியாழன்

இந்த நோட்டு உங்கள் கையில் அகப்பட்டிருந்தால் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். பிரமிளாவிடம் காட்டினால் பிறகு நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. எடுத்த இடத்திலேயே, அரிசி டிரம்முக்குப் பின்னால், வைத்துவிடுங்கள். அட்டையில் ‘சமூக அறிவியல்’ என்று இருப்பது சும்மா.

என் பெயர் லோகேஸ்வரி. பத்தாம் வகுப்பு. பந்தலூரிலிருந்து உள்ளே போகும் தேயிலை எஸ்டேட் ஒன்றில், லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா ஃபாக்டரியில் உலர்த்தும் மெஷினில் வேலை பார்க்கிறார். அம்மா கொழுந்து எடுக்கிறாள்.

பயம் வந்தால் எனக்கு வாய் திறக்காது. ஆறாம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடியை யார் உடைத்தது என்று டீச்சர் கேட்டார். நான் உடைக்கவில்லை. உடைத்தது யார் என்றும் தெரியும். சொல்ல முடியாமல் நின்று அடி வாங்கினேன். மறுநாள் எழுதிக் கொடுத்தேன். கையால் சொல்ல முடிகிறது. அதனால்தான் இந்த நோட்டு.

பிரமிளா என் பக்கத்தில் தூங்குகிறாள். சித்தப்பா மகள். என்னைவிட மூன்று மாதம் இளையவள். சித்தப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சித்தி ஜூன் மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள், இவளை எங்களிடம் விட்டுவிட்டாள். என் பாய், என் போர்வை, என் வகுப்பு. வாயைத் திறந்து தூங்குகிறாள். அவளுக்குக் கவலையே இல்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. நானும் அவளும் கீழ் ஊற்றுக்குப் போய் எட்டுக் குடம் தூக்கினோம். அவள் ஐந்து, நான் மூன்று. ஜூலையில் அடிபட்ட என் காலுக்காக என்று சொன்னாள். நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஞாயிறு என்றால் அப்பா பொன் அலசப் போவார். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் மலையில் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கம்பெனி தங்கம் தோண்டியதாம். கிடைத்தது போதாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புகைபோக்கி ஒன்று இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. மழை பெய்தால் ஓடைகள் புது மணல் கொண்டுவரும். பலா மரத்தில் குடைந்த தட்டு, மரவை என்போம், அதில் மணலை அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிச் சரித்தால் லேசானது போய்க் கடைசியில் கருமணல் நிற்கும். அதன் ஓரத்தில், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு பொட்டு. ஈர்க்குச்சியை நனைத்துத் தொட்டு எடுக்க வேண்டும். இதில் யாரும் பணக்காரர் ஆனதில்லை. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறார்கள், அப்பாவும் செபஸ்தி மாமாவும் மரவையோடு போகிறார்கள். அவ்வளவுதான். செபஸ்தி மாமா அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை செய்பவர், இரண்டு வீடு தள்ளி இருக்கிறார்.

அவர்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முன்னால் நடக்க வேண்டும். இடத்தைச் சொன்னது யாரோ, அன்றைய முதல் பொட்டு அவருக்கு.

இரண்டு வருடமாக வரைபடத்தோடு முன்னால் நடந்தவள் நான். ஊசி மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றி என் பொட்டுகளைப் போட்டு வைத்திருந்தேன். ஜூலையில் பாறையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டது. மாவுக்கட்டு. அதற்கு அடுத்த வாரமே அப்பா பிரமிளாவைக் கூட்டிப்போனார். குப்பியையும் அவளிடம் கொடுத்தார்.

“நீ கட்டு பிரிக்கிற வரைக்கும் அவ பாத்துக்கட்டும்டா” என்றார்.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது.

செப்டம்பர் 14, வியாழன்

பூகோள டீச்சர் இன்று சம உயரக் கோடுகள் நடத்தினார். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் வரைபடத்திலும் அந்தக் கோடுகள் இருக்கின்றனவே. ஃபாக்டரியில் ரிட்டயர் ஆன கிளார்க் ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்த கம்பெனி வரைபடம் அது. நாலு ஜெராக்ஸ் தாளை ஒட்டி, பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறார். கோடுகள் நெருங்கும் இடத்தில் ஓடை வேகமாக விழும். சட்டென்று விலகும் இடத்தில் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கனமானதைக் கீழே போட்டுவிடும். தங்கம் மணலைவிடக் கனம்.

வரும் வழியில் இதைப் பிரமிளாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்?

ராத்திரி சாப்பாட்டில் அவள் அப்பாவிடம் எடுத்துவிட்டாள். வரைபடத்தைத் தரையில் விரித்து, விரலால் தொட்டுத் தொட்டு, எல்லாவற்றையும்.

“பாருங்க பெரியப்பா, இங்க நெருக்கமா வருது, இங்க பொசுக்குன்னு விரியுது. இங்கதான் தங்கும்.”

அப்பா சோற்றுக் கையோடு அவளையே பார்த்தார். “ஏ புள்ள, இத்தன வருசமா இத நாங்க சும்மா சுருட்டி வச்சு அழகு பாத்திருக்கோம்.”

“நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பாத்தோம். லோகாதான் மொதல்ல...”

“கோடு யாரு வேணும்னாலும் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு நான் எழுந்து கை கழுவப் போனேன்.

‘நாங்க’ என்றாளே, அது நல்ல பிள்ளை ஆவதற்கு.

செப்டம்பர் 15, வெள்ளி

அவளுக்கு என்னைவிட முடி நீளம். இதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கிடைத்துவிட்டது. அவள் சொன்ன இடத்தில். நான் சொன்ன இடத்தில்.

குருணை அளவு. இதுவரை யாரும் அவ்வளவு பெரியது எடுத்ததில்லை. செபஸ்தி மாமா எங்கள் வாசலிலேயே கத்திக்கொண்டு வந்தார். “அக்கா, ஒங்க வீட்ல ஒரு மெஷின் இருக்கு. ஃபாக்டரிக்கு அனுப்பாதீங்க, காட்டுக்கு அனுப்புங்க.” அம்மா சிரித்தாள். அம்மா சிரிப்பதே அபூர்வம்.

அப்பா பிரமிளாவின் தலையில் கை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். “அப்பன் மாதிரியே கண்ணு” என்றார். பிறகு திரும்பிக்கொண்டு பூட்ஸைக் கழற்றினார். கழற்ற ரொம்ப நேரமாயிற்று.

என் கண் யார் மாதிரி என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

செப்டம்பர் 20, புதன்

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் கிழிகிறது, அதனால் அதை இனி காட்டுக்கு எடுத்துப்போவதில்லை. ஒவ்வொரு வாரமும் போகிற பகுதியை மட்டும் நான் எண்ணெய்த்தாள் வைத்துப் பார்த்து வரைந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஓடைக்கு நீலம், பழைய சுரங்கக் குழிகளுக்குச் சிவப்பு வட்டம். “ஒன் கை அச்சு மாதிரி” என்றார் அப்பா.

நான் வரைவேன். அவள் நடப்பாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

காலையில் அப்பா பூட்ஸ் போட்டுக்கொண்டே கேட்டார். “கால் எப்டி இருக்கு? வர்றியா லோகா?”

“வலிக்குது.”

“சரிடா.”

வலிக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் போயிருப்பேன். கேட்கவில்லை.

துணி துவைத்தேன். அவளுடைய பாவாடையைத் துவைக்கவில்லை, வாளியிலேயே விட்டேன். சாயந்திரம் அவளே துவைத்துக்கொண்டாள். என்னவென்று கேட்கவும் இல்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

காலாண்டு மார்க் வந்தது. பூகோளத்தில் நான் 91, அவள் 74. அப்பா என் தாளைப் பார்த்து “சபாஷ்” என்றார். அவள் தாளைப் பார்த்து, “இந்தக் கேள்வியெல்லாம் எழுதுனவனுக எவனாச்சும் ஓடையில எறங்கிப் பாத்திருப்பானா? விடு புள்ள” என்று அவள் முதுகில் தட்டினார். 91க்கு ஒரு சொல். 74க்கு எவ்வளவு சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்டோபர் 5, வியாழன்

இந்த ஞாயிறு புகைபோக்கிக்கு மேலே போகிறார்கள். இதுவரை யாரும் போகாத பக்கம். செபஸ்தி மாமாவுக்கு அவர் தங்கை குழந்தையின் ஞானஸ்நானம் இருக்கிறது, அதனால் அப்பாவும் அவளும் மட்டும். இடத்தை அவளே பார்த்து, ஜெராக்ஸில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாள்.

வரைபடத்தில் இப்படி இருக்கிறது. புகைபோக்கியிலிருந்து பெரிய ஓடையோடு மேலே போனால் இடது பக்கம் மூன்று சின்ன ஓடைகள் வந்து சேர்கின்றன. முதலாவது மயிரிழை போல. இரண்டாவதன் கரையில் ஐந்து சின்ன வட்டங்கள், பழைய குழிகள். மூன்றாவதில்தான் அவள் புள்ளி, ஓடைகளை எண்ணாமல் சம உயரக் கோடுகளை மட்டும் பார்த்து வைத்தது.

சாயந்திரம் விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய்த்தாளை வைத்து வரைந்தேன். புகைபோக்கி வரைந்தேன். பெரிய ஓடை வரைந்தேன். அந்தச் சமயம் அப்பா சமையலறையில் அவளுக்கு மரவை சுழற்றக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார், தண்ணீருக்குப் பதில் தவிட்டை வைத்து. “மணிக்கட்டு புள்ள, மணிக்கட்டு. தோள ஆட்டாத, நீ என்ன மாவா சலிக்கிற?” எனக்கும் இதே சொற்களைத்தான் சொன்னார், இரண்டு வருடத்துக்கு முன். இதே சிரிப்பு.

முதல் ஓடையை நான் வரையவில்லை.

மயிரிழைதானே. மற்ற இரண்டையும் நன்றாக வரைந்தேன். குழிகளுக்குச் சிவப்பு வட்டம் ஐந்தும் போட்டேன். தாளில் இப்போது இரண்டே ஓடைகள். காட்டில் எண்ணிக்கொண்டு போனால் ஓர் ஓடை முன்னாலேயே திரும்பிவிடுவார்கள். ஒன்றும் கிடைக்காது. ஒரே ஒரு ஞாயிறு அவள் வெறுங்கையோடு வரட்டும். அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அப்பா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “அச்சேதான்” என்றார்.

அக்டோபர் 7, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து சரியாக வராது.

சாயந்திரம் செபஸ்தி மாமா வந்தார். வாசலில் நின்றே பேசினார். “அண்ணே, பொகபோக்கிக்கு மேல பாத்துப் போங்க. போன வருசம் எவன் மாடோ ஒண்ணு குழிக்குள்ள போயிருச்சாம். எந்த ஓடைன்னு தெரியல. மழைக்குப் பொறவு பெரணிச் செடி மூடிக் கெடக்கும், வாய் இருக்கிறதே தெரியாது. கால வச்சா உள்ளதான்.”

அப்பா பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். “பயமில்லடா. லோகா செவப்புல போட்டிருக்கா. மொத ஓடைக்கிட்டதான் குழி. நாங்க அதத் தொடவே மாட்டோம், தாண்டி ரெண்டாவதுல ஏறிருவோம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோடு விடுபட்டால் இடம் மட்டும் மாறும் என்று நினைத்தேன். சிவப்பு வட்டங்களும் சேர்ந்து மாறும் என்று நினைக்கவே இல்லை. காட்டில் முதலாவதாக வருவது மயிரிழை ஓடை. அதைத்தான் குழி ஓடை என்று நினைத்துத் தள்ளி நடப்பார்கள். அடுத்து வருவது உண்மையான குழி ஓடை. அதில் ஆபத்து இல்லை என்று நம்பி ஏறுவார்கள். வரைபடம் வைத்திருப்பவள் முன்னால் நடப்பாள்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது மூன்று சொல். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“என்னா லோகா, மொகம் வெளுத்துக் கெடக்கு? மாட்ட நெனச்சியா?” என்றார் மாமா.

தலையாட்டினேன்.

காலையில் சொல்லிவிடுவேன். எழுதியாவது கொடுப்பேன். இப்போதே ஒரு துண்டுத்தாளில் எழுதித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்: ‘அப்பா, தாளில் ஒரு ஓடை விட்டுப்போயிற்று.’

அக்டோபர் 8, ஞாயிறு, காலை

ஐந்தரைக்கு எழுந்தேன். துண்டுத்தாள் கையில் இருந்தது. வாசலுக்கு வந்தேன்.

அவள் என் பூட்ஸைப் போட்டிருந்தாள். போன வருடம் என் பிறந்தநாளுக்கு அப்பா கூடலூர் போய் வாங்கி வந்த பச்சை பூட்ஸ். அப்பா குனிந்து அவளுக்கு அதற்குள் துணி அடைத்துக்கொண்டிருந்தார், அவளுக்குக் கால் சின்னது என்று.

“லோகா, உன்னுதப் போட்டுக்கிட்டேன். பெரியப்பாதான் போடச் சொன்னாங்க. பரவால்லயா?”

கையை மூடிக்கொண்டேன். “போட்டுக்க” என்றேன். பாருங்கள், அந்தச் சொல் மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது.

போய்விட்டார்கள். துண்டுத்தாளை அடுப்பில் போட்டேன்.

பகல், இரண்டரை மணி

மழை பிடித்துவிட்டது. நான்கு மணிக்கு வந்துவிடுவார்கள். எப்போதும் நான்கு மணிக்குத்தான் வருவார்கள்.

அம்மா விறகை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். அவரைக்காய் நறுக்கினேன். பென்சில் தேடி அவள் பையைத் திறந்தேன். அடியில் கைக்குட்டையில் சுற்றிக் குப்பி இருந்தது. எல்லாப் பொட்டும் இருக்கிறது, என்னுடையவை, அந்தக் குருணை, அதற்குப் பிறகு எடுத்தவை. குப்பியில் நோட்டு லேபிள் ஒன்று ஒட்டியிருக்கிறாள். பெயர் என்ற இடத்தில் லோகேஸ்வரி. பாடம் என்ற இடத்தில், ‘இடம் சொன்னது’.

எப்போது ஒட்டினாள் என்று தெரியவில்லை. லேபிளின் ஓரம் அழுக்காகி, சுருண்டிருக்கிறது. நேற்று ஒட்டியது இல்லை.

ஐந்து மணி

வரவில்லை.

இரவு, ஏழே முக்கால்

வரவில்லை. அப்பாவின் போன் அங்கே எடுக்காது, காட்டில் சிக்னல் இல்லை. அம்மா ரோட்டுமுனையில் குடை பிடித்து நிற்கிறாள். செபஸ்தி மாமா ஞானஸ்நான வேட்டியோடு வந்தார், ஆறு பேரைச் சேர்த்திருக்கிறார், டார்ச் எடுக்க ஃபாக்டரிக்குப் போயிருக்கிறார்கள்.

“ஃபாரஸ்ட் வாட்சருக்குச் சொன்னா காட்டுக்குள்ள ஏன் போனீங்கன்னு கேஸ் போடுவாங்களே” என்று அம்மா அழுதாள்.

“போடட்டும்க்கா. மொதல்ல ஆளு வரட்டும்” என்றார் மாமா. என் பக்கம் திரும்பினார். “லோகா, அந்தப் பழைய ஜெராக்ஸ எடுத்து வைய்யி. எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். பிரமி புள்ளி வச்சிருக்கால்ல, நேரா அங்க போயிருவோம். மழையில, யானை எறங்குற நேரத்துல, ஒவ்வொரு ஓடையாத் தேட முடியாது.”

புள்ளி மூன்றாவது ஓடையில் இருக்கிறது. அவர்கள் அங்கே இல்லை. ஓடை இரைச்சலில் பக்கத்து ஓடையில் கூப்பிட்டால்கூடக் கேட்காது. அவர்கள் எங்கே ஏறினார்கள் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. “பயப்படாதடா” என்று மாமா தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன், திருப்பம் வரைக்கும். மழையில் டார்ச் வெளிச்சம் மறைந்துவிட்டது. திரும்பி வந்து இதை எழுதுகிறேன். ஜெராக்ஸ் மடியில் இருக்கிறது. அதில் அவள் புள்ளியைச் சிவப்பால் அடித்துவிட்டேன். ஆனால் ஏன் அடித்தேன் என்று கேட்பார்கள், நான் வாய் திறக்காமல் நிற்பேன், குழந்தை கிறுக்கியிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

செபஸ்தி மாமா, மூன்றாவதற்குப் போகாதீர்கள். புகைபோக்கியிலிருந்து பெரிய ஓடையோடு மேலே, இடது பக்கம். முதலில் மயிரிழை ஓடை வரும், அதை விடுங்கள். இரண்டாவதில் ஏறுங்கள். ஐந்து குழிகளும் ஏறும்போது வலது கரையில் இருக்கின்றன. பெரணிக்குள் கால் வைக்காதீர்கள், கழியால் குத்திப் பார்த்துப் போங்கள், கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நடந்தவள் பிரமிளா. பச்சை பூட்ஸ். அவள் காலுக்குப் பெரியது, அதனால் வேகமாக நடந்திருக்க மாட்டாள். துணி அடைத்திருக்கிறது. அது என் பூட்ஸ்தான், அவளே வைத்துக்கொள்ளட்டும்.

விட்டது நான். மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

முதல் பக்கத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று கெஞ்சியிருப்பேன். அதைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். காட்டுங்கள். வாட்சரிடம், அம்மாவிடம், அப்பா வந்தால் அப்பாவிடம், அவளிடமும். எல்லோரிடமும் காட்டுங்கள். சீக்கிரம் காட்

தட்டுகிறார்கள். நோட்டோடு நானே போய்